கெய்ரோவுக்குப் போய் எதையும் பார்க்காமல் வருவது எப்படி?

பிரமிடைப் பார்க்காமல் தப்பிக்க வழியே இல்லை. ஓட்டல் மொட்டைமாடியில் தெரியும், சாலைத் திருப்பத்தில் தெரியும், கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாலும் ஒட்டகக்காரர் வந்து தோளைத் தட்டிக் காட்டுவார். ஆனால் அதே ஊரில், நைலுக்குக் கிழக்கே, கி.பி. 969இல் பாத்திமிய கலீஃபா அல்-முயிஸ்ஸுக்காக அவருடைய தளபதி ஜவ்ஹர் எழுப்பிய நகரம் ஒன்று இருக்கிறது. மதில், வாசல், பள்ளிவாசல், கடைத்தெரு என்று இன்றைக்கும் ஆள் புழங்கும் நகரம். வடக்கு வாசலுக்கும் தெற்கு வாசலுக்கும் நடுவே ஓடும் தெரு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். 1979இல் யுனெஸ்கோ இந்த நகரத்தைத் தன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இத்தனை சின்ன இடத்தில் இத்தனையையும் அடைத்து வைத்திருந்தாலும், முறையாகத் திட்டமிட்டால் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஊர் வந்து சேர்ந்துவிடலாம்.

நம்மவர்களுக்கு இதில் பிறவித் திறமை உண்டு. எருசலேம் புனிதப் பயணம் போகிறவர்கள் கெய்ரோவைத் தொட்டுக்கொண்டு போகிறார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள் பெருநாள் விடுமுறைக்கு வருகிறார்கள். பெரும்பாலோர் வெற்றிகரமாக எதையும் பார்க்காமலேயே திரும்புகிறார்கள். இருந்தாலும் குழுவுக்கு ஒருவர், ஆர்வக் கோளாறில் தலையைத் தூக்கிப் பார்த்துவிடுகிறார். இந்தக் குறிப்புகள் அவருக்காக.

முதலில் நாள் குறிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகல் உத்தமம். ஜும்ஆ தொழுகை நேரத்தில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைப் பள்ளிவாசலுக்குள் விடமாட்டார்கள். காலையில் பாதிக் கடைகள் திறந்திருக்காது. ஞாயிறும் மோசமில்லை. கான் அல்-கலீலியில் பல கடைகள் அன்று மூடிக்கிடக்கும். ரமலான் இரவை மட்டும் அறவே தவிர்த்துவிடுங்கள். விடியுமுன் உண்ணும் சஹர் நேரம் வரைக்கும் தெரு விழித்திருக்கும். விளக்கும் கூட்டமுமாக ஏதாவது ஒன்று கண்ணில் பட்டே தீரும்.

உடை விஷயத்தில் ஆண்கள் அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளலாம். பெண்கள் துப்பட்டாவை ஓட்டலிலேயே மறந்துவிடலாம். வாசலில் இரவல் அங்கி தருவார்கள்தான்; அதை மாட்டிக்கொண்டு போட்டோவில் நிற்க யாருக்கும் மனம் வராது, எனவே உள்ளே போகவும் மாட்டீர்கள். காலுக்குக் கயிறு கட்டும் ஷூ. இந்தத் தெருவில் பத்தடிக்கு ஒரு பள்ளிவாசல். மூன்றாவது இடத்தில் குனிந்து முடிச்சை அவிழ்க்கும்போதே முதுகு பிடித்துக்கொள்ளும், நான்காவதுக்கு வெளியிலேயே நின்றுவிடுவீர்கள். மறந்துபோய்ச் செருப்போடு வந்துவிட்டால், செருப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்குக் கொடுக்கச் சில்லறை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய நோட்டாக வைத்துக்கொண்டு அவரோடு வாதம் செய்தால் கால் மணி நேரம் போய்விடும்.

பேருந்து உங்களை ஹுசைன் சதுக்கத்தில் இறக்கிவிடும். ஒரு பக்கம் நபிகளின் பேரர் இமாம் ஹுசைனின் தலை அடக்கம் செய்யப்பட்டதாக மக்கள் போற்றும் பள்ளிவாசல். அங்கே முஸ்லிம்கள் ஸியாரத் செய்யப் போகிறார்கள், மற்றவர்களைப் பொதுவாக விடுவதில்லை. சாலைக்கு எதிர்ப்புறம் அல்-அஸ்ஹர். 970இல் கட்டத் தொடங்கி, 972இல் முதல் தொழுகை நடந்த இடம். அதன் பெயரால் அமைந்த பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து, பெயருக்குப் பின்னால் ‘அஸ்ஹரி’ என்று போட்டுக்கொள்ளும் ஆலிம்களைத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பளிங்கு முற்றம். எந்த மதத்தவரும் காசில்லாமல் உள்ளே போகலாம். இலவசம் என்றால் நம்மவர்கள் போய்விடுவார்களே என்ற கவலை எனக்கும் இருந்தது. இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. ‘காலேஜில் பார்க்க என்ன இருக்கிறது?’ என்று குழுவில் யாராவது சத்தமாகக் கேட்டுவிட்டால் போதும். எல்லோரும் கடைத்தெருப் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

இனி கான் அல்-கலீலி. இந்தக் குறிப்புகளின் உயிர்நாடியான பகுதி இது. 1380களில் ஜஹார்கஸ் அல்-கலீலி என்ற அமீர், பாத்திமிய ராஜ குடும்பத்தின் கபர்ஸ்தானைத் தோண்டி, எலும்புகளை ஊருக்கு வெளியே குப்பை மேட்டில் கொட்டிவிட்டு, அந்த இடத்தில் வணிகர் சத்திரம் கட்டினார். 1511 வாக்கில் சுல்தான் அல்-கூரி அதையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார். அவர் வைத்த உயரமான கல்வாசல்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் கீழே டி-சட்டைகளும் சீனத்துப் பிளாஸ்டிக் பூனைச் சாமிகளும் தொங்குகின்றன. உங்கள் பார்வை டி-சட்டை உயரத்தோடு நின்றுகொள்ள வேண்டும். அதற்கு மேலே போனால் கல்லில் செதுக்கிய பூவேலை தெரிந்து தொலைக்கும்.

கடைக்காரர்கள் உங்களைப் பார்த்ததும் ‘இந்தியா? அமிதாப் பச்சன்!’ என்று கூவுவார்கள். நீங்கள் ரஜினி ஊர்க்காரர் என்று விளக்க முற்படுங்கள். அதில் ஐந்து நிமிடம். பிறகு தேநீர் வரும். குடித்தால் வாங்க வேண்டுமோ என்ற பயத்தில் குடிக்காமலும், மரியாதை கருதி எழுந்து போகாமலும் உட்கார்ந்திருப்பது நம் மரபு. வாங்க வேண்டும் என்று அங்கே எந்தச் சட்டமும் இல்லை, குடித்துவிட்டு நன்றி சொல்லி எழுந்து வரலாம். ஆனால் அப்படிச் செய்தால் நேரம் மிச்சமாகி எதையாவது பார்க்க வேண்டியதாகிவிடும்.

பேரத்தைக் கணவன் மனைவியாகப் பேசுவது நல்லது.

“ஏங்க, இந்தப் பித்தளை விளக்கு நல்லாருக்குல்ல?”

“சும்மா இரு. இதே விளக்கு பாரிஸ் கார்னர்ல பாதி விலைக்குக் கிடைக்கும்.”

“அப்ப எதுக்குங்க இங்க வந்தோம்?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயலாதீர்கள். விளக்கை வாங்கிவிடுங்கள்.

விலைச்சீட்டைப் படிக்கத் தெரியாமல் இருப்பது பெரிய பலம். அங்கே எழுதும் எண்களில் வட்டம் என்றால் 5, புள்ளி என்றால் பூஜ்யம். நம் கண்ணுக்கு 7 போலத் தெரிவது 6. பத்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். தெரிந்துகொண்டால் உள்ளூர்க்காரர் வாங்கும் கடையில் ஒட்டியிருக்கும் விலை புரிந்துவிடும், பேரம் பேசும் சுகம் போய்விடும். பாப்பிரஸ் ஓவியம் வாங்குகிறவர்கள் மிக மலிவானதாகப் பார்த்து வாங்கவும். பெரும்பாலும் வாழை மட்டையில் செய்த போலியாக இருக்கும், மடித்தால் முறியும். குங்குமப்பூவைச் சாக்கு மூட்டையில் குவித்து வைத்து அள்ளிப் போட்டால் உடனே வாங்கிவிடுங்கள். அது குசும்பப்பூ. சாதத்துக்கு நிறம் வரும், மணம் வராது, வீட்டில் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

அப்படியே ஒரு கிலோ மிளகும் வாங்கலாம். இதில் ஒரு சரித்திர நயம் இருக்கிறது. மலபார்க் கரையிலிருந்து செங்கடல் வழியாக வந்த மிளகை வைத்துத்தான் கெய்ரோவின் காரிமி வணிகர்கள் செல்வம் குவித்தார்கள்; அப்போது எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களின் கஜானாவுக்கும் அதில் பெரிய பங்கு. போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்ததும் இங்கே இடி விழுந்தது. சுல்தான் அல்-கூரி நம் மேற்குக் கடற்கரைக்குக் கப்பற்படையே அனுப்பினார். 1508இல் சவுலில் ஜெயித்த அந்தப் படை, 1509இல் டையூவில் தோற்றது. அவர் வணிகர்களுக்காகக் கட்டிய வகாலா என்னும் சத்திரம் அல்-அஸ்ஹருக்குப் பின்புறம் இன்னும் அழகாக நிற்கிறது. நீங்கள் அங்கே போக வேண்டாம். மிளகுப் பொட்டலத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

தங்கம் வாங்காமல் வரமாட்டீர்கள் என்று தெரியும். பொற்கொல்லர் தெருவுக்கு அங்கே ‘ஸாகா’ என்று பெயர். கல்யாணப் பெண்ணுக்கு நகை எடுக்க எகிப்தியக் குடும்பங்கள் மொத்தமாக வந்து நிற்கும் இடம். மாப்பிள்ளை முகத்தில் தெரியும் கலவரத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது. நம் 22 காரட் அங்கே அபூர்வம், 21ம் 18ம்தான் புழக்கம். கிராம் கணக்கு, அதற்கு மேல் செய்கூலி. சேதாரத்தைப் பற்றி அரபியில் சண்டை போடத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கலாம். நகைக் கடை வாசலில் நிற்கும்போது தெரு எதிரே உயரமாக ஒரு சுவர் ஓடும். அதற்கு முதுகைக் காட்டி நிற்கவும். ஏனென்றால் அது சுல்தான் கலாவூனின் வளாகம்.

ஆயிரம் தீனாருக்கு அடிமையாக வாங்கப்பட்டவர் கலாவூன். சுல்தானான பிறகு, 1284, 85இல், மதரஸா, தன் கபர், பெரிய மருத்துவமனை மூன்றையும் ஒரே வளாகமாக ஏறக்குறைய ஓராண்டில் கட்டி முடித்தார். ஏழை, பணக்காரர், ஆண், பெண் எல்லோருக்கும் இலவச வைத்தியம். தூக்கம் வராத நோயாளிகளுக்கு இசை வாசிக்க ஆள் வைத்திருந்தார்கள் என்கின்றன பழைய குறிப்புகள். அந்த இடத்தில் இன்றும் ஒரு கண் மருத்துவமனை இயங்குகிறது. கபர் இருக்கும் கூடத்துக்குள் வண்ணக் கண்ணாடி வழியே வெளிச்சம் விழும். ஊரிலேயே எனக்கு மிகப் பிடித்த அறை அது, ஆகவே உங்களுக்கு அதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பக்கத்திலேயே அவருடைய மகன் அந்-நாஸிர் முஹம்மதின் மதரஸா. அதன் வாசல் நிலையைப் பார்த்தால் ஐரோப்பியத் தேவாலயத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். தேவாலயத்துடையதேதான். 1291இல் சிலுவைப் போராளிகளிடமிருந்து அக்கா நகரைப் பிடித்தபோது பெயர்த்து எடுத்து வந்தது. அப்படியே பொருத்திக்கொண்டார்கள்.

இந்தத் தெருவின் ஆபத்து இதுதான்: பேசாமல் வடக்கே நடந்துகொண்டிருந்தாலே ஏதாவது வந்து மாட்டிக்கொள்கிறது. தெரு இரண்டாகப் பிரியும் முக்கில் 1744இல் கட்டிய ஒரு தண்ணீர்ப் பந்தல். அந்தக் காலத்தில் கீழே வழிப்போக்கர்களுக்கு இலவசத் தண்ணீர் கிடைத்தது, மேலே பிள்ளைகளுக்கு குர்ஆன் பள்ளிக்கூடம் நடந்தது. கொஞ்சம் தள்ளி அல்-அக்மர், 1125ஆம் ஆண்டுப் பள்ளிவாசல். தெரு ஒரு திசையில் போகிறது, தொழும் திசையான கிப்லா வேறு திசையில். கட்டியவர் முகப்பைத் தெருவோடு ஒட்டியும், தொழும் இடத்தைக் கிப்லாவை நோக்கியும் அமைத்துவிட்டு, இரண்டுக்கும் உள்ள கோணலைச் சுவரின் தடிமனுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். வெளியே நின்று பார்த்தால் தெரியாது, வாசல் வழியே உள்ளே நடந்தால்தான் தெரியும். நீங்கள் வெளியே நில்லுங்கள், ஷூ கயிறு வேறு இருக்கிறது. நஜீப் மஹ்ஃபூஸ் 1911இல் பிறந்தது இந்தப் பேட்டையில்தான். 1988இல் நோபல் வாங்கியவருடைய புகழ்பெற்ற மூன்று நாவல்களுக்கும் இங்குள்ள தெருக்களின் பெயர்கள்தான் தலைப்பு. அவர் உட்கார்ந்த ஃபிஷாவி காபிக் கடைக்கு நீங்கள் போகலாம். சுவர் முழுக்கச் சட்டம் போட்ட கண்ணாடிகளை மாட்டியிருப்பதால் உங்களையே பார்த்துக்கொண்டு இருந்துவிடலாம்.

வடக்கு முனையில் அல்-ஹாகிம் பள்ளிவாசல். 1013இல் முடிந்தது. கட்டி முடித்த கலீஃபா ஹாகிம் விசித்திரப் பேர்வழி. எகிப்தியர்கள் உயிரை விடும் முலூகியா என்ற சணல் கீரைக் குழம்பைத் தடை செய்தவர். பெண்கள் வெளியே போகக் கூடாதென்று அவர்களுக்குச் செருப்புத் தைக்கவே தடை போட்டவர். 1021இல் ஓர் இரவு முகத்தம் குன்றுப் பக்கம் போனவர் திரும்பவில்லை. கீரை மட்டும் திரும்பி வந்துவிட்டது. பள்ளிவாசல் பிறகு சிறையாகவும், நெப்போலியன் படையின் இருப்பிடமாகவும், அருங்காட்சியகமாகவும், பள்ளிக்கூடமாகவும் மாறி மாறிக் காலம் தள்ளியது. பாத்திமியர்களைத் தங்கள் இமாம்களாகக் கொண்ட இந்திய தாவூதி போரா சமூகத்தார்தான் 1980 வாக்கில் இதைப் புதுப்பித்தார்கள், அண்மையில் மறுபடியும் செய்தார்கள். 2023 ஜூனில் பிரதமர் மோடி வந்து போனது இங்கேதான். அவரே பார்த்துவிட்டதால் நீங்கள் பார்க்க வேண்டியதில்லை.

வழியில் நல்ல மனிதர் ஒருவர் வந்து, ‘அந்தப் பள்ளிவாசல் இன்று மூடியிருக்கிறது, வாருங்கள், இதைவிடப் பழையதைக் காட்டுகிறேன்’ என்பார். நம்புங்கள். கேள்வி கேட்காமல் பின்னால் போங்கள். எந்தச் சந்தில் நுழைந்தாலும் கடைசியில் அத்தர்க் கடைக்குத்தான் போய்ச் சேருவீர்கள். அது அவருடைய மாமா கடையாக இருக்கும். பள்ளிவாசல் திறந்தேதான் இருந்தது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். டூர்க்காரர் பாசுமதி அரிசியில் தயிர்ச்சாதம் கட்டிக் கொண்டுவந்திருப்பார். தெருவோரத்தில் தாஅமியா என்று ஒன்றை எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். மொச்சை போன்ற ஃபூல் பயறை ஊறவைத்து, கீரையும் பூண்டும் சேர்த்து அரைத்தது, பார்வைக்கு நம் மசால்வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி. கோஷரியும் உண்டு: அரிசி, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறும் கருகப் பொரித்த வெங்காயமும். இரண்டிலும் முட்டையோ இறைச்சியோ கிடையாது. ‘இங்கே வெஜிடேரியன் எதுவுமே கிடைக்காதுங்க’ என்று ஊரில் வந்து சொல்வதற்கு இந்த இரண்டையும் பார்க்காமல் இருப்பது மிக அவசியம். செம்புப் பாத்திரக் கடைகளில், மினாரா உச்சியில் பொருத்தும் பிறைகளுக்குப் பக்கத்தில், கழுத்து ஒடுங்கிய குடங்கள் தொங்கும். அதில்தான் ஃபூல் விடிய விடிய வேகும். முன்காலத்தில் பொதுக் குளியலறையின் உலைச் சாம்பலில் புதைத்து வைத்து வேகவைத்தார்கள். ஊர் குளித்த சூட்டில் ஊருக்குக் காலைச் சாப்பாடு.

மிக முக்கியமான எச்சரிக்கை: அல்-அஸ்ஹர் சாலையைத் தாண்டித் தெற்கே போகாதீர்கள். சுரங்கப்பாதை இருக்கிறது, ஆனால் அது உங்களுக்கு இல்லை. அந்தப் பக்கம் கூரியா. உள்ளூர்ப் பெண்கள் போர்வை, பாத்திரம், உள்பாவாடை வாங்கும் இடம். அமிதாப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். தெருவின் இருபுறமும் சுல்தான் அல்-கூரி தனக்குக் கட்டிக்கொண்ட பள்ளிவாசலும் கபர் மண்டபமும். மண்டபம் தயாராக இருந்தது, மனிதர் 1516இல் அலெப்போவுக்கு அருகே ஒட்டோமானியரோடு போரிட்டு இறந்தார், உடல் கிடைக்கவே இல்லை.

பக்கத்தில் துருக்கித் தொப்பி செய்யும் பட்டறை ஒன்றிரண்டு மிச்சமிருக்கிறது. பித்தளை அச்சில் சிவப்புக் கம்பளித் துணியை வைத்து, சூடாக்கி அழுத்துகிறார்கள். இந்தத் தொப்பிக்கும் தமிழ் பேசும் ஊருக்கும் உண்மையான உறவு இருக்கிறது. 1882இல் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்து தோற்ற அராபி பாஷாவை இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். 1883 முதல் 1901 வரை அங்கே இருந்தார். அவர் தலையில் இருந்த தொப்பி இலங்கை முஸ்லிம்களிடையே பரவியது. 1905இல் அதை அணிந்தபடி ஒரு முஸ்லிம் வழக்கறிஞர் கொழும்பு உச்ச நீதிமன்றத்தில் நிற்கலாமா என்பது பெரிய போராட்டமாகவே ஆனது. இதையெல்லாம் தொப்பிக்காரரிடம் சொன்னால் மகிழ்ச்சியில் இன்னொரு தேநீர் சொல்வார். வேண்டாம்.

தெருவின் முடிவில் பாப் சுவைலா. 1092இல் கட்டிய தெற்கு வாசல். கடைசி மம்லூக் சுல்தான் தூமான் பேயை 1517இல் இங்கேதான் தூக்கிலிட்டார்கள். கயிறு இரண்டு முறை அறுந்தது என்கிறார்கள். பிற்காலத்தில் பல்வலிக்காரர்கள் இந்தக் கதவில் ஆணி அடித்து வேண்டிக்கொண்டார்கள். வாசலுக்கு மேலே இருக்கும் இரட்டை மினாரா பக்கத்துப் பள்ளிவாசலுடையது. அங்கே இருந்த சிறையில் அடைபட்டுக் கிடந்த ஒருவர், விடுதலையானால் இதை இடித்துப் பள்ளிவாசல் கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டு, பிறகு சுல்தான் அல்-முஅய்யதாகி, 1415இல் சொன்னபடி கட்டத் தொடங்கினார். மினாராவுக்குள் சுழன்று ஏறும் படிகள் இருட்டானவை, குறுகலானவை. உச்சிக்குப் போனால் மேலே சொன்ன அத்தனையும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இவ்வளவு பாடுபட்டுப் பார்க்காமல் வந்ததெல்லாம் வீணாகிவிடும். அதனால் மூட்டு வலி என்று சொல்லிவிடுங்கள்.

வாசலுக்கு வெளியே, கூரை போட்ட தெருவில், கூடாரத் துணிக்காரர்கள் காலை மடித்து உட்கார்ந்து துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் ஆண்கள். கல்யாணப் பந்தலுக்கும் துக்க வீட்டுப் பந்தலுக்கும் இங்கிருந்துதான் துணி போனது. இப்போது அச்சடித்த துணி வந்து அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டது. கையால் தைத்த ஒரு தலையணை உறை, கானில் நீங்கள் வாங்கிய விளக்கைவிட விலை குறைவாகவும் இருக்கக்கூடும். அதுவரைக்கும் யார் நடக்கிறார்கள்?

இத்தனையும் படித்த பிறகும் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடிப்பவர்கள் டூர்ப் பேருந்தை நம்ப வேண்டாம். மெட்ரோ மூன்றாம் தடத்தில் பாப் அல்-ஷாரியா நிலையத்தில் இறங்கி, வடக்கு வாசலான பாப் அல்-ஃபுதூஹ் எங்கே என்று கேட்டால் வழி காட்டுவார்கள், நடை தூரம்தான். அங்கிருந்து தெற்கே ஒரே நேர்த்தெரு. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளி நண்பகலைத் தவிருங்கள்.